கத்தியின் ஊர் எது? – தொல்படைக்கலங்களின் தோற்றங் காணும் முறை பற்றியதொரு திறனாய்வு

மொறொக்கோ நாட்டிலே செய்யப்பட்டு அந்நாட்டு மக்களாலே தரிக்கப்பட்டுவந்த குத்துவாள் வகையொன்று, ஐரோப்பியரின் படைக்கல நூல்களிலே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சான்சிபார்த் தீவின் பெயரைச் சுமந்து நின்றது. மொறொக்கோ ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையிலே அத்திலாந்திக் கரையில் உள்ளது. சான்சிபாரோ அக்கண்டத்தின் கிழக்கே இந்து சமுத்திரத்திற் கிடப்பது. இரண்டுக்குமிடையே ஒரு கண்டம் முழுவதும் குறுக்கே கிடக்கின்றது. இப்பெருந்தூரத்தை ஒரு படத்தின் கீழ் எழுதப்பட்ட இரண்டு சொற்கள் தாண்டிவிட்டன என்பதும், தாண்டியதை எவரும் நெடுங்காலம் வினவவில்லை என்பதும், பழம்பொருள்களின் தோற்றம் பற்றிப் பேசுவோர் அனைவரும் மனங்கொளத்தக்கன.

சபூலா எனப்படும் அக்குத்துவாளின் பிடி நடுவிற் சிறுத்து, மேலும் கீழும் குறுக்கே அகன்று, ஏறத்தாழ உடுக்கையை நினைவூட்டுவது. ஒருமுறை கண்டவர் மறவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருவழக்குப் பெற்றிருந்த ஒகுஸ்த் தெமினின் படைக்கலக் கைநூல் இதனைச் சான்சிபாருக்கு உரியதெனக் காட்டிற்று. றிச்சார்ட் பேர்ட்டன் 1884இல் வெளியிட்ட வாள் பற்றிய பெருநூலிலும் அதே பெயர் இடம்பெற்றது. தெமின் தவறியதிற் பெரிய வியப்பில்லை. நூதனசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளையும் வணிகர்களின் வாய்ச்சொல்லையும் நம்பியே அக்காலத்துக் கைநூல்கள் எழுந்தன. பேர்ட்டனின் நிலைதான் சிந்தனைக்குரியது. அவர் 1850களின் பிற்பகுதியிலே சான்சிபாரில் தங்கியவர். அத்தீவைப் பற்றித் தனிநூலே எழுதியவர். அறபு மொழியைத் தாய்மொழிபோலப் பேசவல்லவர். சான்சிபார்த் தெருக்களிலே எத்தகைய கத்தி அரையில் தொங்கிற்று என்பதை அவருடைய கண்கள் கண்டிருந்தன. எனினும், எழுதுமேசையில் அமர்ந்தபோது முன்னைய நூலின் படம் வென்றது, கண் தோற்றது.

இத்தவறு நீங்குவதற்குப் பிரான்சியச் சேகரிப்பாளரான சார்ள் புத்தேன் வரவேண்டியிருந்தது. 1933இல் வெளியான அவரது சேகரிப்புப் பட்டியலும், மொறொக்கோவின் குத்துவாள்கள், வாள்கள் பற்றி 1939இல் வெளிவந்த கட்டுரையும் சபூலாவை அதன் சொந்த மண்ணிலே நிறுத்தின. மொறொக்கோவிலே அதனை எவர் தரித்தனர், எப்பெயரால் அழைத்தனர், அதன் அலகு எங்கிருந்து பெறப்பட்டது என்று கேட்டமையே அவருடைய முறை. முன்னையோர் 'இது எதனைப் போன்றிருக்கிறது?' என்று வினவினர். புத்தேன் 'இது யாரிடம் இருந்தது?' என்று வினவினார். இரண்டு வினாக்களுக்குமிடையே உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் படைக்கல ஆய்வு பொழுதுபோக்கு நிலையிலிருந்து வரலாற்றுத் துறைக்கு உயர்ந்தது அவ்விடத்திலேதான்.

வட ஆபிரிக்கக் கத்தி பற்றிய இவ்விவகாரம் யாழ்ப்பாணத்திலே எவருக்கு வேண்டும் என்று கேட்கப்படலாம். வேண்டியவர் உளர். குடாநாட்டின் வடகரை முழுவதும் கடலின் வழியே வந்தனவற்றைப் பெற்றுக்கொண்ட கரை. காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட மயிலிட்டியை எடுத்துக்கொள்ளலாம். வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்வூரிலே, பழைய வீடொன்றின் பெட்டகத்திலிருந்தோ கிணற்றுச் சேற்றிலிருந்தோ வளைந்த குத்துவாளொன்று வெளிப்படுகின்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதன் ஊரைக் காண்பது எங்ஙனம்? கற்பனையான இவ்வினாவுக்கு விடை தேடும்போது, உண்மையான பொருள்கள் பலவற்றுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் வெளிச்சத்துக்கு வரும்.

அக்கத்தியின் அலகு முற்பாதி நேராகவும் பிற்பாதி வளைந்தும் இருக்கின்றது; வளைந்த பகுதி இருபுறமும் தீட்டப்பட்டிருக்க, நேரான பகுதிக்கு ஒருபுறமே கூர் உண்டு; உறையின் வாய்ப்புறத்தில் இரு காதுகளும் அவற்றில் வளையங்களும் உள்ளன; பிடியின் தலை மயிற்றோகைபோல் விரிந்திருக்கின்றது. இவ்வளவும் பொருந்துமாயின் அது மொறொக்கோவின் கும்மியா என்று கொள்வதில் பெரிய தடையில்லை. 'கும்' என்னும் அறபுச்சொல் சட்டைக்கையைக் குறிப்பது. அதிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். வளையங்களிற் கோத்த கயிற்றைத் தோளிலே குறுக்காக மாட்டி இடப்புறத்தில் தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கம். இடைக்கச்சின் நடுவே செருகப்படும் ஓமான், யெமன் நாட்டுக் குத்துவாள்களிலிருந்து இதனைப் பிரித்தறிய உறையின் அமைப்பு ஒன்றே பெரும்பாலும் போதும். கத்தியை அறிய விரும்புவோர் அலகையே உற்றுநோக்குவர். உறை ஒதுக்கி வைக்கப்படும். அதனை எவர் எப்படி உடலில் அணிந்தனர் என்பதை உறையே சொல்லும்.

இவ்விடத்தில் இருவகைச் சபலங்கள் தலைகாட்டும். முதலாவது, ஊர்ப்பெயரை நாடுவது. பிடியிலே மயிற்றோகை, ஊரோ மயிலிட்டி. இதைவிட வேறென்ன வேண்டும்? சொல்லொப்புமையை வைத்துச் சரித்திரம் கட்டும் பழக்கம் நம்மவரிடையே இன்னும் ஓயவில்லையாதலால், இத்தகைய கட்டுரையொன்று யாராலும் எழுதப்படமாட்டாது என உறுதி கூறுவதற்கில்லை. தோகை வடிவம் வெறும் பார்வையொப்புமை. அவ்வடிவத்தைச் செய்த கம்மியன் மயிலை எண்ணினானோ விசிறியை எண்ணினானோ யாரறிவார்.

இரண்டாவது சபலம் இன்னும் நாகரிகமானது. எனவே இன்னும் ஆபத்தானது. மொறொக்கோவின் தாஞ்சியர் நகரிலே பிறந்த இபின் பத்தூத்தா 1344இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாண மன்னனாகிய ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தமை வரலாறு. மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், முத்துக்களை அன்பளிப்பாக வழங்கினான் என்றும் அப்பயணி எழுதிவைத்திருக்கின்றார். மொறொக்கோக் கத்தியொன்று யாழ்ப்பாணக் கரையிலே கிடைத்ததும் இந்த 1344ஆம் ஆண்டு மனத்தில் மின்னாமல் இராது. ஆனால் இன்று எஞ்சியுள்ள கும்மியாக்களிலே மிகப் பெரும்பாலானவை பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. ஐந்நூறு ஆண்டு இடைவெளியை விருப்பத்தால் நிரப்ப முடியாது. அதனினும் எளிய வழிகள் பல உள்ளன. 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் மத்தியதரைக்கடலின் துறைமுகக் கடைகளும் கொழும்பும் ஒரே கப்பற்பாதையில் அமைந்தன. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வான்படை பலாலியிலே விமானத்தளம் அமைத்தது. அதே போரில் 1940 முதல் 1943 வரை வட ஆபிரிக்கா பெரும் போர்க்களமாயிருந்தது. அக்களத்தைக் கண்ட போர்வீரனொருவன் பையிலே நினைவுப்பொருளாக ஒரு கத்தி வந்து, கைம்மாற்றாக அயற்கிராமத்தை அடைந்திருத்தல் கூடாததன்று. மன்னர்களையும் பயணிகளையும் விட்டுப் படைவீரர், மாலுமி, கடைக்காரர் ஆகியோரை நினைப்பதற்கு வரலாற்று மாணவர் பழகிக்கொள்ளவேண்டும். பொருள்கள் பெரும்பாலும் சாதாரண மனிதரின் கைகளாலேயே ஊர்விட்டு ஊர் செல்கின்றன.

இதுவரை கூறியன ஒருபுறமிருக்க, 'கத்தியின் ஊர் எது?' என்ற வினாவே பிழையாக அமைந்தது என்பதை இனி நோக்கவேண்டும். ஒரு கத்திக்கு ஓர் ஊர் இருப்பதில்லை. அதன் உருக்கு ஓரிடத்தில் உருகியிருக்கும். அலகு வேறிடத்தில் அடிக்கப்பட்டிருக்கும். பிடியும் உறையும் மூன்றாமிடத்திற் பொருத்தப்பட்டிருக்கும். அதனைத் தரித்தவன் நான்காமிடத்தான். மொறொக்கோவிலேயே நேரான அலகுடைய குத்துவாளுக்கு ஜனூயி என்று பெயர். இத்தாலியின் ஜெனோவா நகரைச் சுட்டுவதே அப்பெயர் என்பது பொதுவான விளக்கம். ஐரோப்பிய வாளலகுகளை வெட்டிக் குறைத்து உள்ளூர்ப் பிடியிட்டுப் பயன்படுத்துவது அங்கு வழக்கமாயிருந்தது. ஆகவே பெயர் ஐரோப்பியம், அலகு பல வேளைகளில் ஐரோப்பியம், கத்தியோ மொறொக்கோவினது. இதிலே முரண்பாடு எதுவுமில்லை. முரண்பாடு, ஒரு பெயரையே எழுத இடம்விடும் நூதனசாலைச் சீட்டில் இருக்கின்றது.

தமிழ்நாட்டின் சான்று இதனை இன்னும் தெளிவாக்கும். தஞ்சை அரண்மனைப் படைக்கலச்சாலையிலிருந்து வந்த கட்டாரிகள் உலகின் பல நூதனசாலைகளிலே காணப்படுகின்றன. குறுக்குப் பிடியைக் கைமுட்டியிலே இறுகப் பற்றிக் குத்துவதற்கான இப்படைக்கலம் இந்தியாவிற்கே சிறப்பானது; பிடியின் செதுக்குவேலையிலே யாளியும் பிற உருவங்களும் நிறைந்திருக்கும். ஆனால் அவற்றுட் பலவற்றின் அலகுகள் ஐரோப்பாவில் அடிக்கப்பட்டவை. ஐரோப்பியக் கொல்லரின் முத்திரைகளையும் தாங்கியவை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலே ஐரோப்பிய அலகுகள் இந்தியச் சந்தைகளில் விரும்பி வாங்கப்பட்டன. அத்தகைய அலகுடைய வாளுக்கு வட இந்தியாவிலே 'பிரங்கி' என்று பெயர். தமிழிலே பறங்கி என வழங்குஞ் சொல்லும் அதே மூலத்தினது. பறங்கி அலகும் தஞ்சைப் பிடியும் கூடிய கட்டாரியைத் தமிழகக் கலை என்று போற்றுவதிலே தவறில்லை. அலகைக் குறித்து வாய்திறவாமற் போற்றுவதிலேதான் தவறு. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தபின், அப்படைக்கலச்சாலை பிரித்தானிய ஆட்சியினரால் கலைக்கப்பட்டது. ஒரு பகுதி சென்னை நூதனசாலையை அடைந்தது. பெரும்பகுதி பழைய உலோகமாக அழிந்தது. அழிந்தவற்றோடு எது எதனுடன் வைக்கப்பட்டிருந்தது என்ற செய்தியும் அழிந்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. அது இலங்கைக்கு உரியது. ஒன்பதாம் நூற்றாண்டின் அறபுத் தத்துவஞானியாகிய அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீபின் உருக்கைக் குறிப்பிடுகின்றார். சரந்தீப் என்பது இலங்கை. இக்கூற்று நெடுங்காலம் ஏட்டுச் செய்தியாகவே கிடந்தது. பின்னர் சமனலவெவப் பகுதியிலே கில் யூலெவ் நடத்திய அகழ்வாய்வு, பருவக்காற்றின் விசையாலேயே இயங்கிய இரும்புருக்கு உலைகளை மலைச்சரிவுகளிற் கண்டறிந்தது. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சேர்ந்தவை அவை. துருத்தி ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றை நேராக உலைவாய்க்கு ஏற்று உயர்கரி உருக்கு எடுத்த அந்நுட்பம் 1996இல் வெளியான ஆய்வுக்கட்டுரையால் உலகின் கவனத்தை ஈர்த்தது. அறபு நாட்டுக் கொல்லன் அடித்த வாளிலே இலங்கைக் காற்று உருக்கிய இரும்பு இருந்திருக்கக்கூடும் என்றால், அவ்வாளின் ஊரை ஒரு சொல்லிலே எழுதுவது எங்ஙனம்? தென்னிந்திய உருக்கைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய 'வூட்ஸ்' என்ற சொல்லே கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றின் இனத்தது. பிறநாட்டுப் படைக்கலங்களிலே இந்நிலத்தின் உழைப்பு எவ்வளவு கலந்துள்ளது என்பது இன்னும் விரிவாக எழுதப்படாத ஒன்று. அரசர் எடுத்த வாளைப் பாடியவர் பலர்; உலை வைத்தவனைப் பாடியவர் எவருமிலர்.

கண்டிய இராச்சியத்தின் கஸ்தானை வாளிடத்தே இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. சிங்க முகமோ விலங்கு முகமோ அமைந்த பிடியும், கையைக் காக்கும் வளைவும், அலகை நோக்கிக் கீழிறங்கும் கிளைகளும் அதன் அடையாளங்கள். வியப்பென்னவெனில், மொறொக்கோ, அல்ஜீரியா நாடுகளின் நிம்சா என்னும் வாளின் பிடிக்காப்பும் ஏறத்தாழ இதே அமைப்பினது. ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இரண்டு நாடுகளிலே ஒரே வகைக் காப்பு எங்ஙனம் தோன்றிற்று? ஐரோப்பியப் பிடியமைப்பு ஒன்று போர்த்துக்கேயரின் கப்பல்களோடு பரவிற்று என்பார் ஒரு சாரார். அறபுக் கடல்வணிகத்தின் வழியை நாடுவர் பிறிதொரு சாரார். இவ்விரு கொள்கைகளையும் மதிப்பிடுவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. காப்பின் வடிவத்தை மாத்திரம் வைத்துப் பார்த்தால் கஸ்தானை ஒரு கடன்பொருள். பிடியின் முகங்களை வைத்துப் பார்த்தால் அதுபோலச் சுதேசமானது வேறில்லை. அலகை எடுத்துக்கொண்டால், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை தாங்கிய அலகுகளும் கஸ்தானைகளிலே உண்டு. மூன்றும் உண்மை. மூன்றிலே ஒன்றை மாத்திரம் உரக்கச் சொல்வது அரசியல்.

கண்டியக் கலைப்பொருள்களை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலின் சிறப்பு இவ்விடத்திலே விளங்கும். அவர் பொருளிலிருந்து தொடங்கவில்லை, பட்டறையிலிருந்து தொடங்கினார். கொல்லர், தட்டார், தந்தவேலை செய்வோர் ஆகியோர் எவ்வாறு அமைப்புற்றிருந்தனர், எவ்வகை மானியம் பெற்றனர், எக்கருவிகளைக் கையாண்டனர் என்று விசாரித்தார். கண்டியக் கத்தியொன்றிலே இரும்பும் வெள்ளியும் யானைத்தந்தமும் ஒன்றுசேர்வதற்குப் பல கைகள் ஒன்றுசேர வேண்டியிருந்தன என்பது அவருடைய நோக்கிலே தெளிவாகின்றது. அந்நூலிலே பழைமை மீதான ஏக்கம் மிகுந்துள்ளது, நிலமானிய உறவின் கொடுமை மங்கிவிடுகின்றது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. எனினும், முறையியல் அடிப்படையில் நோக்கின், படத்தின் கீழே ஊர்ப்பெயர் எழுதிய தெமினையும் பேர்ட்டனையும்விட அவர் வெகுதூரம் முன்சென்றவர்.

பொருளிலேயே எழுத்து இருக்குமாயின் விவாதம் சுருங்கும். இதற்கு மயிலிட்டிக் கத்தியின் கற்பனைக்கே மீண்டும் செல்லலாம். அதன் உறையிலோ அலகிலோ அறபு எழுத்துக்கள் உள்ளன என்று வைத்துக்கொண்டால், அவற்றின் பொருளை வாசிக்குமுன்னரே புள்ளிகளைப் பார்க்கவேண்டும். கீழைத்தேய அறபு எழுத்திலே 'பே' என்னும் எழுத்துக்கு மேலே ஒரு புள்ளியும் 'காப்' என்னும் எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளிகளும் இடப்படும். மேற்கு ஆபிரிக்கக் கரையையொட்டிய மக்ரிபி மரபிலே முன்னதற்குப் புள்ளி கீழே. பின்னதற்கு மேலே ஒன்று மாத்திரம். யெமன் கம்மியனும் மொறொக்கோக் கம்மியனும் ஒரே வேதவாக்கியத்தைப் பொறித்தாலும், ஒரு புள்ளி அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். இதனை அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அறபுத்தமிழ் ஏடுகளை வாசித்துப் பழகிய முஸ்லிம் பெரியவர் ஒருவர் போதும். படித்த பட்டினத்து நிபுணரைத் தேடியோடுமுன் அயலிலுள்ள அத்தகையவரைக் கேட்க வேண்டுமென்ற எண்ணம் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கேள்வி.

எழுத்தும் இல்லாதபோது எஞ்சுவது கிடைத்த இடமும் கைமாறிய வரலாறும். இவை இரண்டுக்கும் இலங்கையிலே தக்க சான்றுகள் உண்டு. ஆனைக்கோட்டையிலே 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வாய்விலே, பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையிலான குழுவினர் கண்டெடுத்த முத்திரை உள்ளங்கைக்குள் அடங்கும் சிறுபொருள். மேல்வரியிலே குறியீடுகளும் கீழ்வரியிலே பிராமி எழுத்துக்களும் கொண்ட அது, சந்தையிலே தனியாக விலைக்கு வந்திருந்தால் எவராவது எந்த நாட்டுக்காவது உரிமையாக்கியிருப்பர். போலி என்று தள்ளியும் இருப்பர். பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப்புதையலொன்றிலே, எலும்புக்கூட்டோடும் மட்பாண்டங்களோடும் சேர்ந்து அது கிடைத்தமையாலேயே அதன் சாட்சியம் வலுப்பெற்றது. அதிலுள்ள எழுத்தை எங்ஙனம் வாசிப்பது என்பதில் அறிஞர் வேறுபட்டாலும், அது எங்கு கிடந்தது என்பதில் எவரும் வேறுபட இடமில்லை. பொ. இரகுபதியின் யாழ்ப்பாணத் தொல்குடியிருப்புகள் பற்றிய 1987ஆம் ஆண்டு நூலிலே குடாநாட்டின் தொல்லியற் சான்றுகள் இடஞ்சுட்டிப் பதியப்பெற்றுள்ளமை இத்துறையிலே அரிய பேறு.

கைமாறிய வரலாற்றுக்குக் கண்டிக் கத்தி சான்று. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படைநடத்திக் கண்டி அரண்மனையைக் கைப்பற்றியபோது கொள்ளைபோன பொருள்கள் ஒல்லாந்தை அடைந்து, நாளடைவிலே அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையிலே சேர்ந்தன. லெவ்கே திசாவையின் அணிசெய் பீரங்கி, பொன், வெள்ளிக் கஸ்தானைகள், கத்தியொன்று, இரு பெருந்துவக்குகள் ஆகிய ஆறும் எங்கிருந்து எவ்வாறு வந்தன என்பதை ஒல்லாந்த, இலங்கை ஆய்வாளர் கூடிப் பழைய இருப்புப் பட்டியல்களையும் கம்பனியின் ஆவணங்களையும் வரிவரியாகத் தேடி நிறுவினர். 2023 யூலையில் ஒல்லாந்த அரசு அவற்றைத் திருப்பியளிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பை வந்தடைந்தன. அக்கத்தியின் அழகு அதனை மீட்கவில்லை. காகிதங்கள் மீட்டன. கொள்ளையடித்தவன் கணக்கு எழுதிவைத்திருந்தமையால் கொள்ளைப்பொருள் திரும்பிற்று என்பதிலுள்ள விசித்திரத்தை எண்ணிப் பார்க்கலாம்.

மயிலிட்டியிடம் அத்தகைய கணக்கு எதுவுமில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது அவ்வூர் மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். பின்னர் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மேலே கூறப்பட்ட, புள்ளிகளை வாசிக்கவல்ல பெரியவர்களும் அவர்களுள் அடங்குவர். மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சார்ந்த நிலமும் 2017 யூலையிலே விடுவிக்கப்பட்டபோது இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. பெட்டகங்களில் எது இருந்தது, அது பாட்டனுடையதா கொழும்பிலே வாங்கியதா, கப்பலில் வந்ததா என்று சொல்லத்தக்க தலைமுறையின் பெரும்பகுதி அக்காலத்துள் மறைந்துவிட்டது அல்லது புலம்பெயர்ந்துவிட்டது. பொருளின் இழப்பைக் கணக்கிட ஒருவாறு முடியும். பொருளைப் பற்றிய பேச்சின் இழப்பைக் கணக்கிடுவது எப்படி?

கைப்பேச்சு அற்றுப்போன இடத்திலேதான் கட்டுக்கதை குடிபுகும். வடகரையில் துருப்பிடித்த இரும்பொன்று வெளிப்பட்டால், அது 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த சங்கிலி மன்னனின் உடைவாள் என்று ஒருவர் சொல்லாமல் இரார். மறுதரப்பிலே அது கண்டியத் தளபதியொருவனுடையது என்று வேறொருவர் சொல்லாமலும் இரார். இரண்டும் தெமினின் சான்சிபாரைப் போன்றவையே. அங்கேயாவது அறியாமை ஒன்றுதான் இருந்தது. இங்கே விருப்பமும் சேர்ந்துகொள்கிறது. தமிழரின் தொன்மைக்கு ஆதாரம் தேடுவோர் முதலில் வெறுக்கவேண்டியது இவ்வகை ஆதாரங்களையே. ஏனெனில் ஒரு பொய்ச்சீட்டு வெளிப்படும்போது, ஆனைக்கோட்டை முத்திரை போன்ற மெய்ச்சான்றின் மீதும் ஐயம் விழும்.

பழம்பொருள் வணிகர் செய்யும் கேடு இதற்குக் குறைந்ததன்று. துருவைச் சுரண்டி எண்ணெயிட்டு மினுக்கிய அலகிலே உருக்கின் இழையோட்டமும் கொல்லனின் முத்திரையும் போய்விடும். நல்ல விலைக்காக ஒன்றின் பிடியை மற்றொன்றின் அலகோடு பொருத்தினால் இரண்டின் வரலாறும் கெடும். காம்பு பிடிக்குள் எவ்வாறு இறுக்கப்பட்டுள்ளது, உறையின் உட்புறத் தேய்வு அலகின் வளைவோடு ஒத்துள்ளதா என்பவற்றை அறிந்த கண் இம்மோசடியைப் பிடிக்கும். ஆனால் மோசடியைப் பிடித்தபின் எஞ்சுவது உண்மையன்று. வெறும் இரும்பே எஞ்சும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும் என்கின்றது. பொருள் பறிபோகும் என்ற அச்சத்திலே கண்டெடுத்த இடத்தை மறைப்போரும் உளர் என்பதைச் சட்டமியற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

மீளக்குடியேறியோர் கிணறு இறைக்கும்போதும் இடிந்த வீட்டின் அத்திவாரத்தைக் கிளறும்போதும் பாளைக்கத்தி, சத்தகம், வள்ளத்து ஆணி, நங்கூரத் துண்டு எனப் பலவும் வெளிவரும். அவற்றிடையே கும்மியா ஒன்றும் வரலாம், வராமலும் போகலாம். பாளைக்கத்தியும் சத்தகமும் நூதனசாலைக்கு ஏற்றவையல்ல என்ற எண்ணம் கைவிடப்படவேண்டியது. உள்ளூர்க் கொல்லன் கத்தியின் காம்பை எவ்வாறு அடித்து இறுக்கினான் என்பதை அவையே காட்டும். அதனை அறியாமல் அயல்நாட்டுக் கத்தியை அயல்நாட்டினது என்று பிரித்துக் காண்பதும் முடியாது. பழைய இரும்புக்காரனின் தராசுக்கு அவை போகுமுன், பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவர் இருவர் ஒரு கொப்பியோடு அங்கே போவது போதும். கொப்பியிலே எழுதவேண்டியவை: எவ்வளவின் வீட்டுக்காணி அல்லது கிணறு, எத்தனை அடி ஆழம், கூடக் கிடந்தவை எவை, எடுத்துக் கொடுத்தவர் அதனைப் பற்றிச் சொன்னது என்ன. 'எந்த நாட்டினது' என்ற நிரலைக் கடைசியில் வைத்து, இப்போதைக்கு வெறுமையாக விட்டுவிடலாம்.